டேக் மூடுற வரைக்கும் பொறுங்க: சாக்ஸ் பார்சரும் தமிழ் விக்கி டம்ப்பும்

ஸ்பெல் செக்கர் ஒண்ணுக்கு தமிழ்ச் சொல் பட்டியல் தேவைப்பட்டுச்சு. இலவசமா ஒரே இடத்துல அவ்ளோ தமிழ் எழுத்து கிடைக்கணும்னா தமிழ் விக்கிப்பீடியா டம்ப்ப விட்டா வேற வழி கம்மி, மொத்த கட்டுரையையும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலா ஆக்கி பிஇசட்2-ல சுருக்கி விக்கிமீடியா சைட்ல போட்டு வச்சிருப்பாங்க, யாரு வேணா எறக்கிக்கலாம். கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் அதுலேந்து வார்த்தைய பிரிச்சு எண்ணுற பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி ஓடவிட்டு காலைல ரிசல்ட்ட அனுப்பினான். மேல பாத்தா அருமையா இருக்கு, ஒரு, மற்றும், இந்த, என்று எல்லாம் எதிர்பாத்த எடத்துல உக்காந்திருக்கு. கீழ, ஒரே ஒரு தடவை வர்ற சொல்லுங்க பக்கம் போனாத்தான் கூத்து. "ெல்வேலி", "ாகும்", "ிருந்து"னு வெறும் கொம்பு, துணைக்கால் மாதிரி குறிங்கள்ல ஆரம்பிக்கிற சொல்லா கொத்துக் கொத்தா கெடக்கு. தமிழ்ல எந்த சொல்லாவது ஒத்தைக் கொம்புல ஆரம்பிக்குமா?

"அண்ணே, டம்ப்பே கெட்டுப் போயிருக்கு போலண்ணே, திரும்ப எறக்கிடவா?"

"ஃபைல் முழுசா வந்துச்சானு சரிபாக்குற செக்சம் நம்பர் கூடவே போட்டிருப்பாங்க பாரு, அது ஒத்துப்போச்சுன்னா எறக்காத. ஸ்கிரிப்ட அனுப்பு."

செக்சம் சரியாத்தான் இருந்துச்சு. ஸ்கிரிப்ட திறந்தா கேரக்டர்ஸ்னு ஒரு ஃபங்ஷன், எக்ஸ்எம்எல்ல படிச்சு பிரிக்கிற பார்சர் எழுத்து வரும்போதெல்லாம் கூப்பிடுறது அதத்தான், அதுக்குள்ள வந்த எழுத்த அங்கயே ஸ்ப்ளிட் போட்டு கவுண்டர்ல ஏத்தியிருக்கான். அவன சொல்லி குத்தமில்ல, நெட்ல கெடைக்கிற டுடோரியல்ல பாதி இப்படித்தான் காட்டுது, ஸ்டார்ட்எலிமென்ட்ல ஒரு ஃபிளாக்க ஆன் பண்ணு, கேரக்டர்ஸ்ல பிரிண்ட் பண்ணு, எண்ட்எலிமென்ட்ல ஆஃப் பண்ணு, முடிஞ்சுது கதைனு. அந்த டுடோரியல்ல இருக்குற சாம்பிள் ஃபைல் பத்து வரி, அதுல எல்லாமே ஓடும்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. எக்ஸ்எம்எல் ஃபைல படிக்க பெரிய வழி ரெண்டு. மொத்தத்தையும் மெமரில மரமா கட்டிக்கிறது ஒண்ணு, அது டாம். ஃபைல ஓரத்துலேந்து படிச்சுகிட்டே போய் இந்த டேக் தொறந்துச்சு, இந்த எழுத்து வந்துச்சு, இந்த டேக் மூடுச்சுனு ஒவ்வொண்ணா நம்மள கூப்ட்டு சொல்றது இன்னொண்ணு, அது சாக்ஸ். எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998 பிப்ரவரி, சாக்ஸ் 1.0 அதே வருஷம் மே மாசம், டேவிட் மெகின்சன் முன்ன நின்னு எக்ஸ்எம்எல்-டெவ்ங்கிற மெயில் குழுல இருந்தவங்களோட சேர்ந்து பேசி முடிவு பண்ணது. கமிட்டி போட்டு வந்த ஸ்டாண்டர்ட் கெடையாது, ஆனா எல்லாரும் எடுத்துகிட்டாங்க. ஜிபி கணக்குல ஃபைல் இருந்தா டாம் பக்கமே போக முடியாது, மெமரி தின்னு தீத்துரும், அதனால டம்ப் வேலைன்னா இந்த ஈவென்ட் வழிதான்.

இதுல டேக் தொறக்குறது மூடுறது ரெண்டும் ஒழுங்கா ஒரு தடவை வரும். எழுத்து அப்படி இல்ல. ஒரு டேக்குக்குள்ள இருக்குற எழுத்த பார்சர் ஒரே துண்டா தரலாம், பத்து துண்டாவும் தரலாம், எங்க வெட்டணும்ங்கிறது அதோட இஷ்டம், சாக்ஸ் டாக்குமென்டேஷன்லயே அப்படித்தான் எழுதியிருக்கு. இது பார்சரோட பக் கெடையாது. பார்சர் ஃபைல பஃபர் பஃபரா, அதாவது மெமரில ஒரு அளவு எடம் ஒதுக்கி அது கொள்ற அளவா படிக்குது, கையில இருக்குறத அப்பப்ப தள்ளிவிட்டாத்தான் அதுக்கு மெமரி கம்மியா ஓடும், முழுசா சேத்து வச்சுத்தான் தருவேன்னு அது சொன்னா சாக்ஸ தேடி நாம வந்த காரணமே போச்சு.

தம்பியோட ஸ்கிரிப்ட்ல கேரக்டர்ஸ்க்கு என்ன வருதுனு அப்படியே பிரிண்ட் போட்டு பாக்க சொன்னேன். ஒரு தலைப்பு பஃபர் ஓரத்துல மாட்டிகிட்டா இப்படி வரும், உதாரணத்துக்கு திருநெல்வேலினு வச்சுக்குவோம்:

தொடக்கம்: டைட்டில்
எழுத்து: "திருந"
எழுத்து: "ெல்வேலி"
முடிவு: டைட்டில்

ந-வும் கொம்பும் யூனிகோட்ல தனித்தனி கோட்பாயின்ட், அதாவது தனித்தனி குறியீட்டு எண். பார்சருக்கு கோட்பாயின்ட் தான் கணக்கு, நம்ம கண்ணுக்கு ஒரே எழுத்தா தெரியுற "நெ" அதுக்கு ரெண்டு, அதனால நடுவுல வெட்டுறதுல அதுக்கு எந்த சங்கடமும் கெடையாது. இங்கிலீஷ்ல சொல்லு பாதில வெட்டுனா சட்டுனு கண்ணுல படாது, தமிழ்ல இந்த கொம்பும் காலும் காட்டிக் கொடுத்துருது, அது வரைக்கும் நல்லது.

சரி, அப்ப ஏன் பட்டியல்ல முக்கால்வாசி சரியா இருந்துச்சு? இதுதான் இந்த விஷயத்துல மோசமான பகுதி. பைத்தானோட சாக்ஸ் மாட்யூல் உள்ள எக்ஸ்பாட்ட வச்சு ஓடுது, ஜேம்ஸ் கிளார்க் சி-ல எழுதுன பழைய பார்சர், இன்னிக்கும் பாதி உலகம் அதுலதான் ஓடுது. எக்ஸ்பாட்ட நேரடியா கூப்ட்டீங்கன்னா ஒவ்வொரு வரி முடிவையும் தனி துண்டா தரும், ஒவ்வொரு என்டிட்டியையும் (ஒரு எழுத்த நேரா எழுதாம அதுக்குப் பதிலா வைக்கிற குறியீடு) தனி துண்டா தரும், எழுதுன ஒடனே அடி வாங்கி கத்துக்குவோம். பைத்தானோட சாக்ஸ் லேயர் என்ன பண்ணுதுன்னா எக்ஸ்பாட்டுக்கான பைத்தான் மாட்யூல்ல டெக்ஸ்ட் பஃபரிங்னு இருக்குற செட்டிங்க ஆன் பண்ணி வச்சிடுது, 8192 பைட் வரைக்கும் சின்னத் துண்டுங்கள ஒட்டி ஒண்ணா தரும். நல்ல எண்ணம்தான். ஆனா அதுனால சின்ன தலைப்பு, தேதி, ஐடி எல்லாம் எப்பவுமே ஒரே துண்டா வர்ற மாதிரி ஒரு பிரமை வந்துருது. ஃபைல அது 65,516 பைட் 65,516 பைட்டா படிச்சு எக்ஸ்பாட்டுக்கு ஊட்டுது, ஒவ்வொரு ஊட்டலோட முடிவுலயும் கையில இருக்குற எழுத்த கொட்டிடும், அந்த ஓரத்துல உங்க தலைப்பு மாட்டுனா ரெண்டாப் போச்சு. சுருக்கத்த பிரிச்ச கணக்குல ஒரு ஜிபிக்கு 15,000 ஓரத்துக்கு மேல வரும். பெரும்பாலும் அது கட்டுரை நடுவுல விழும், அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொல்லு ஒடையும், எப்பவாவது அபூர்வமா ஒரு தலைப்பும் ஒடையும். 64 கேபிக்கு கீழ சாம்பிள் ஃபைல் வச்சு டெஸ்ட் பண்ணா ஒரு ஓரம் கூட நடுவுல வராது, டெஸ்ட் எல்லாம் பச்சை.

இதுல இன்னொரு வேடிக்கை, தலைப்புக்கு அவன் "வந்தத அப்படியே எடுத்து வேரியபிள்ல போடு"னு எழுதியிருந்தான். அப்ப "திருந" வந்து உக்காரும், அடுத்த துண்டு வந்ததும் அது போய் "ெல்வேலி" உக்காரும். முதல் பாதி எங்க போச்சுனே தெரியாது, எரர் வராது, லாக்ல ஒண்ணும் இருக்காது. ப்ரோகிராம் விழுந்தா பரவால்ல, இப்படி அமைதியா தப்பு பண்றதுதான் ஆபத்து.

தீர்வு ஒண்ணுதான், அதுல புதுசா ஒண்ணும் இல்ல. கேரக்டர்ஸ்ல எந்த முடிவும் எடுக்காதீங்க. ஒரு லிஸ்ட்ல அப்பெண்ட் பண்ணுங்க, அவ்ளோதான் அந்த ஃபங்ஷனோட வேலை. டேக் மூடுற ஈவென்ட் வரும்போது எல்லாத்தையும் சேத்து ஒட்டி, அப்புறம் ஸ்ப்ளிட், ஸ்ட்ரிப், நம்பரா மாத்துறது, நார்மலைஸ் பண்றது எது வேணாலும் பண்ணுங்க. பைத்தான்ல லிஸ்ட்ல சேத்து ஜாயின் பண்றது நல்லது, ஸ்ட்ரிங்கோட ஸ்ட்ரிங்க கூட்டிகிட்டே போனா பெரிய கட்டுரைல இழுக்கும். ஜாவால ஸ்ட்ரிங்பில்டர்.

ஒட்டும்போது நடுவுல எதுவும் வைக்காதீங்க. ஸ்பேஸ் வச்சு ஒட்டுனா "திருந ெல்வேலி"னு வரும். அதே மாதிரி ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்ட்ரிப் போடுற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, "மழை " ஒரு துண்டு, "வந்தது" அடுத்த துண்டுன்னா ரெண்டும் ஒட்டி "மழைவந்தது" ஆயிடும், பட்டியல்ல புது சொல்லு சேந்துரும், தமிழ்ல சேத்து எழுதுறது சகஜம்ங்கிறதால பாக்குறவனுக்கு சந்தேகம் கூட வராது. இன்னொரு ரகம், துண்டு வெறும் ஸ்பேஸா இருந்தா தூக்கிப் போடுன்னு ஒரு இஃப் கண்டிஷன். இது பைத்தான் சாக்ஸ்ல பாதி நேரம் தப்பிச்சுரும், எக்ஸ்பாட்ட நேரா கூப்ட்டா வரி முடிவு ஒவ்வொண்ணும் தனி துண்டா வருதில்ல, அத்தனையும் காலி, கட்டுரை முழுக்க ஒரே வரி. விக்கி மார்க்அப்ல தலைப்பு, பட்டியல் எல்லாம் வரி ஆரம்பத்த வச்சுத்தான் தெரியும், வரி போனா அப்புறம் என்ன பிரிக்கிறது.

நார்மலைஸ் பண்றதும் கடைசிலதான். "கொ"வுல இருக்குற ஒகரக் குறிக்கு யூனிகோட்ல ஒரே கோட்பாயின்டும் உண்டு, கொம்பு தனி கால் தனினு ரெண்டா எழுதுற வழியும் உண்டு, என்எஃப்சிங்கிற யூனிகோட் நார்மலைஸ் முறைல மாத்துனா ரெண்டு ஒண்ணாகும். கொம்பு ஒரு துண்டுல, கால் அடுத்த துண்டுல வந்து, நீங்க துண்டு துண்டா நார்மலைஸ் பண்ணா ஒண்ணாகாது. விக்கி டம்ப்ல ஏற்கனவே என்எஃப்சி பண்ணித்தான் இருக்கும், அங்க இந்த தொல்லை கம்மி, வேற எடத்துலேந்து வர்ற தமிழ் எக்ஸ்எம்எல்ல கண்டிப்பா பாக்கணும்.

பைட் விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். யூடிஎஃப்-8ல தமிழ் கோட்பாயின்ட் ஒவ்வொண்ணும் 3 பைட். பஃபர் ஓரம் அந்த மூணுக்கு நடுவுல விழுந்தா பார்சர் அத சரியா பாத்துக்கும், பாதி பைட்ட அடுத்த ஊட்டல் வரைக்கும் பிடிச்சு வச்சுக்கும். ஆனா சில பேர் பார்சருக்கு கொடுக்குறதுக்கு முன்னாடி தானே டீகோட் பண்றாங்க, துண்டா படிச்சு துண்டா டீகோட் பண்ணா ஓரத்துல எரர் அடிக்கும், எரர் அடிக்குதேனு இக்னோர் ஆப்ஷன் போடுவாங்க, அப்புறம் அங்கங்க எழுத்து காணாமப் போகும். பைட்டாவே கொடுத்துருங்க, டீகோட் பண்றது பார்சர் வேலை.

அடுத்தது ஃபிளாக். விக்கி டம்ப்ல பேஜ் டேக்குக்குள்ள ஐடி இருக்கு, அது கட்டுரை ஐடி. அதுக்குள்ள ரிவிஷன் டேக், அதுலயும் ஐடி, அது திருத்தத்தோட ஐடி. அதுக்குள்ள கான்ட்ரிபியூட்டர், அங்கயும் ஐடி, திருத்துனவரோட ஐடி. மூணுக்கும் பேரு வெறும் ஐடி. "ஐடி டேக் வந்துச்சா, எடுத்து வை"னு எழுதுனா கடைசில வந்தது ஜெயிக்கும், கட்டுரை ஐடினு நெனச்சு ஆளோட ஐடிய டேட்டாபேஸ்ல ஏத்திருவீங்க. லாகின் பண்ணாம ஐபி பேர்ல பதிவான திருத்தம்னா கான்ட்ரிபியூட்டர்ல ஐடி இருக்காது, ஐபி மட்டும் இருக்கும், அப்ப மட்டும் திருத்த ஐடி வந்து உக்காரும், அதனால நம்பர்ல ஒரு ஒழுங்கே தெரியாது, தேடுறவன் மண்டைய பிச்சுக்கணும். ஃபிளாக்க தூக்கிட்டு ஒரு ஸ்டேக் வைங்க. டேக் தொறந்தா பேர உள்ள தள்ளு, மூடுனா வெளிய எடு. ஐடி மூடும்போது ஸ்டேக்ல அதுக்கு முன்னாடி தள்ளுனது யாருனு பாத்தா போதும், பேஜா இருந்தா கட்டுரை ஐடி, ரிவிஷனா இருந்தா திருத்த ஐடி. எலிமென்ட்ட பேர வச்சு அடையாளம் பாக்காம வந்த பாதைய வச்சு பாருங்கனு இப்ப யாரு கேட்டாலும் இதத்தான் சொல்றேன்.

தம்பிக்கு இன்னொரு சந்தேகம் வந்துச்சு. "அண்ணே, கட்டுரைக்குள்ள மேற்கோள் காட்டுற ரெஃப் டேக் எல்லாம் இருக்கே, அதுக்கு ஏன் ஸ்டார்ட்எலிமென்ட் வர மாட்டேங்குது?" அது விக்கி மார்க்அப், டம்ப்ல எழுதும்போது கோண அடைப்புக்குறி எல்லாத்தையும் எல்டி, ஜிடினு என்டிட்டியா மாத்தித்தான் வைப்பாங்க, எக்ஸ்எம்எல் பார்வைல அது வெறும் எழுத்து. பார்சர் அத ஒரு தடவை பிரிச்சு தந்ததும் பாக்க டேக் மாதிரியே இருக்கும். அதோட வேலை அங்க முடிஞ்சுது. அதுக்கு மேல ரெஃப்ப எடுக்கணும்னா விக்கி மார்க்அப் தெரிஞ்ச இன்னொரு லைப்ரரி வேணும். ரெண்டாவது தடவை அன்எஸ்கேப் பண்றது, அதாவது என்டிட்டிய மறுபடி எழுத்தா மாத்துறது, சில பேரு பண்ற வேலை, கட்டுரைல ஒருத்தர் எச்டிஎம்எல் பத்தி எழுதி, என்டிட்டியவே உதாரணமா காட்டியிருந்தா அதுவும் பிரிஞ்சு போயிடும். வேணும்னா விக்கி மார்க்அப்ப பிரிச்சு முடிச்ச அப்புறம் செய்யணும், பார்சர் ஹேண்ட்லருக்குள்ள வேணாம்.

இப்படி லிஸ்ட்ல சேத்து மூடும்போது எண்ணுறதா மாத்துன ஒடனே கொம்புல ஆரம்பிக்கிற சொல்லு கிட்டத்தட்ட எல்லாம் போயிடுச்சு. மிச்சம் இருந்த கொஞ்சம் கட்டுரைலயே யாரோ நடுவுல ஸ்பேஸ் தட்டுனது, அத பட்டியல் பக்கத்துல ஒரு ரெகெக்ஸ் போட்டு கழிச்சோம், அது பார்சர் பிரச்சினை கெடையாது.

டேக் தொறக்கும்போது பஃபர காலி பண்ணு, மூடும்போது படி, இதுதான் அடுத்தபடியா எல்லாரும் சொல்ற வழி. விக்கி டம்ப்புக்கு போதும், ஏன்னா அங்க எழுத்து இருக்குற டேக்குக்குள்ள வேற டேக் இருக்காது. டிபிஎல்பி எடுத்தா அது ஒடையும். டிபிஎல்பி தெரியும்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆய்வுக் கட்டுரைங்களோட பெரிய அட்டவணை, ஜெர்மனில ட்ரியர் பல்கலைக்கழகத்துல 1993-ல ஆரம்பிச்சது, மொத்தத்தையும் ஒரே எக்ஸ்எம்எல்லா தர்றாங்க. அதுல டைட்டில் டேக்குக்குள்ளயே கீழ்க்குறி, மேல்க்குறி, சாய்வெழுத்து டேக் எல்லாம் வரும். எச்-2-ஓனு ஒரு தலைப்புல வந்துச்சுன்னா, "எச்" சேரும், கீழ்க்குறி டேக் தொறந்ததும் பஃபர் காலி, "2" சேரும், மூடும், "ஓ"வும் மிச்சமும் சேரும். டைட்டில் மூடும்போது கையில இருக்குறது "2ஓ..." தான், கீழ்க்குறி முன்னாடி இருந்த எல்லாமே போச்சு. இது ஒரு சொல்லு ரெண்டு சொல்லு கெடையாது, தலைப்போட முன்பாதி மொத்தமும்.

இதுக்கு ரெண்டு வழி உண்டு. பெருசா ஒண்ணு, ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் தனி பஃபர் வச்சு அதையும் ஸ்டேக்ல தள்ளுறது, உள்ள இருக்குறது மூடுனதும் அதோட எழுத்த வெளிய இருக்குறதுல ஒட்டுறது. சின்னதா ஒண்ணு, எனக்கு வேண்டிய டேக் தொறக்கும்போது மட்டும் பஃபர் காலி, அதே டேக் மூடும்போது மட்டும் படிக்கிறது, நடுவுல எத்தனை டேக் வந்தாலும் போனாலும் பஃபர தொடாம விடுறது. பெரும்பாலும் நான் ரெண்டாவதத்தான் எடுக்குறேன். ஆனா எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் வேணும், உள்ள இருக்குற டேக்கோட எழுத்து எனக்கு வேணுமா வேணாமா? தலைப்புக்கு வேணும். அடிக்குறிப்பு நடுவுல வந்தா வேணாம். அத பார்சர் சொல்லாது, டேட்டாவ தெரிஞ்ச நாமதான் முடிவு பண்ணனும்.

டிபிஎல்பில இன்னொரு பாடமும் உண்டு, என்டிட்டி. யூர்கன்னு ஒரு ஜெர்மன் பேரு, அதுல ரெண்டாவது எழுத்து தலைல ரெண்டு புள்ளி வச்ச யூ. ஃபைல்ல அந்த மாதிரி எழுத்துங்கள நேரா எழுதாம என்டிட்டியாத்தான் எழுதுறாங்க, அந்த என்டிட்டிக்கு அர்த்தம் பக்கத்துல தனியா இருக்குற டிடிடி ஃபைல்ல இருக்கு. ஜாவால படிச்சா முதல் எழுத்து ஜே ஒரு துண்டு, புள்ளி வச்ச யூ ஒரு துண்டு, மிச்சம் "ர்கன்" ஒரு துண்டு. வந்தத அப்படியே வேரியபிள்ல போடுற கோட்ல ஆளு பேரே "ர்கன்" ஆயிடுவாரு. பைத்தான்ல வேற மாதிரி. 3.7.1லேந்து பாதுகாப்புக்காக வெளி என்டிட்டிங்கள தானா படிக்கிறத நிறுத்திட்டாங்க, அதனால டிடிடிய அது தொடாது, அந்த என்டிட்டி என்னனு அதுக்கு தெரியாது, தெரியலையேனு எரரும் போடாது, ஸ்கிப்டுஎன்டிட்டினு ஒரு ஈவென்ட்ட கூப்பிடும், அத நாம எழுதலன்னா நடு எழுத்து சத்தமில்லாம மறஞ்சுரும். டிடிடிய நம்புற எடத்துலேந்து எடுத்திருந்தா அந்த ஃபீச்சர ஆன் பண்ணிக்கலாம். யாரோ அனுப்புன ஃபைலுக்கு ஆன் பண்ணாதீங்க, உங்க சர்வர்ல இருக்குற ஃபைல வெளிய எடுக்குற பழைய தாக்குதல் வழி அதுதான். எப்படி இருந்தாலும் ஸ்கிப்டுஎன்டிட்டில ஒரு எரர் எறியுறது நல்லது, போனது தெரியும். ஜாவால இன்னொரு எடைஞ்சல், என்டிட்டி விரிக்கிறதுக்கு ரொம்ப வருஷமா 64,000னு ஒரு லிமிட் வச்சிருந்தாங்க, புது வெர்ஷன்ல அது இன்னும் கம்மி, டிபிஎல்பி மாதிரி ஃபைலுக்கு அது எந்த மூலைக்கு, ப்ராப்பர்ட்டி செட் பண்ணி ஏத்திக்கணும்.

ஜாவாக்காரங்களுக்கு தனியா ஒண்ணு. அங்க கேரக்டர்ஸ்க்கு ஸ்ட்ரிங் வராது, ஒரு கேரக்டர் அர்ரே, எங்க ஆரம்பம், எவ்ளோ நீளம்னு மூணு வரும். அந்த அர்ரே பார்சரோட சொந்த பஃபர். ஆரம்பத்துக்கு முன்னாடியும் நீளத்துக்கு அப்புறமும் ஃபைலோட மத்த பகுதிங்க கெடக்கும், முழு அர்ரேயையும் ஸ்ட்ரிங்கா மாத்துனா குப்பையும் சேந்து வரும். அர்ரேய அப்படியே பிடிச்சு வச்சுகிட்டு அப்புறம் படிச்சுக்கலாம்னு நெனச்சா, அதுக்குள்ள பார்சர் அதுலயே அடுத்த பகுதிய எழுதியிருக்கும். ஸ்ட்ரிங்பில்டர்ல அந்த மூணையும் கொடுத்து அப்பெண்ட் பண்ணிட்டா காப்பி ஆயிடும், தொல்லை விட்டுது. கோ மொழிலயும் இதே கதை, டோக்கன் வாங்குனா கேரக்டர் டேட்டாவோட பைட் அடுத்த டோக்கன் கேக்குற வரைக்கும்தான் செல்லும், வச்சுக்கணும்னா காப்பி எடுக்கணும்.

சாக்ஸ விட்டு வேற ஏபிஐ போனா தப்பிச்சிரலாமானு கேட்டா, ஓரளவு. ஜாவால ஸ்டாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, நாம கேட்டா அது அடுத்த ஈவென்ட்ட தரும். அதுலயும் எழுத்து துண்டாத்தான் வரும், ஒட்டிக் கொடுன்னு கேக்குற கோயலெசிங் செட்டிங் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும். எலிமென்ட்டோட முழு எழுத்தையும் ஒரே கால்ல தர்ற மெத்தடும் இருக்கு, நடுவுல வேற டேக் வந்தா அது எரர் எறியும், அந்த விஷயத்துல நேர்மையான ஏபிஐ. பைத்தான்ல எலிமென்ட்ட்ரீயோட இட்டர்பார்ஸ் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆனா ஸ்டார்ட் ஈவென்ட்ல டெக்ஸ்ட்ட படிக்காதீங்க. அந்த நேரத்துல டேக்கோட அட்ரிபியூட் மட்டும்தான் உறுதி, டெக்ஸ்ட் இருக்கலாம், பாதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சின்ன ஃபைல்ல இருக்கும், ஏன்னா பஃபர்ல ஏற்கனவே எல்லாம் வந்திருக்கும், மறுபடி அதே பிரமைதான். எண்ட் ஈவென்ட்ல படிங்க. படிச்ச அப்புறம் கிளியர் பண்ணுங்க, இல்லன்னா மரம் வளந்துகிட்டே போகும், ரூட்டுக்கு கீழ காலி எலிமென்ட்டுங்க தொங்கிட்டு இருக்கும், அதையும் சேத்து கிளியர் பண்ணாத்தான் மெமரி நிக்கும்.

சேத்து வைக்கிறதால மெமரி போயிடாதானு பயம் வரும். விக்கிப்பீடியால ஒரு கட்டுரையோட அளவுக்கு மீடியாவிக்கி போட்டிருக்குற டீஃபால்ட் வரம்பு 2048 கிலோபைட், அதாவது 2 எம்பி. ஒரு நேரத்துல ஒரு கட்டுரை, மூடுனதும் காலி, அவ்ளோதான் செலவு.

டெஸ்டுக்கு நாங்க இப்ப ஒரே ஒரு தந்திரம் வச்சிருக்கோம், அதுலயே இந்த ரக பக் எல்லாம் மாட்டிருது. ஒரு சின்ன எக்ஸ்எம்எல், அதுல சொல்லு நடுவுல என்டிட்டி, எழுத்து நடுவுல கமென்ட், ஒரு சிடேட்டா பகுதி (உள்ள இருக்குற எதையும் டேக்கா பாக்காம வெறும் எழுத்தா எடுத்துக்கனு சொல்ற எடம்), எழுத்துக்குள்ள இன்னொரு டேக், காலி டேக், வரி முடிவு, கொஞ்சம் தமிழ். சிடேட்டாவும் கமென்ட்டும் முக்கியம், அங்கயும் பார்சர் வெட்டும். அத ஒரு தடவை முழுசா பார்சருக்கு ஊட்டி ரிசல்ட் எடுக்குறது, அப்புறம் ஃபீட் மெத்தட்ல ஒரு ஒரு பைட்டா ஊட்டி ரிசல்ட் எடுக்குறது, ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஒரு பைட்டா ஊட்டும்போது தலைப்பு, ஐடி எல்லாம் நொறுங்கி நொறுங்கி வரும், வெட்டு எங்க விழுந்தாலும் தாங்குமானு அங்கயே தெரிஞ்சுரும். 2024ல வந்த எக்ஸ்பாட் 2.6.0லேந்து முடியாத டேக்க திரும்பத் திரும்ப படிக்கிறத தள்ளிப் போடுற ஒரு பாதுகாப்பு சேத்திருக்காங்க, அதனால புது வெர்ஷன்ல பைட் பைட்டா ஊட்டுனா ஈவென்ட் கொஞ்சம் தாமதமா, சேந்து சேந்து வரலாம், பயப்பட வேணாம், க்ளோஸ் கூப்ட்ட அப்புறம் ஒப்பிடுங்க. எத்தனை துண்டு வந்துச்சுனு டெஸ்ட்ல எண்ணாதீங்க, அது வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும்.

சேத்து வச்சு மூடும்போது படிங்கறதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பேஸ்64, அதாவது ஃபைலோட பைட்டுங்கள சாதா எழுத்தா மாத்தி எழுதுற முறை. சில சிஸ்டம் பிடிஎஃப், படம் எல்லாத்தையும் எக்ஸ்எம்எல் டேக்குக்குள்ளயே பேஸ்64ஆ திணிச்சு அனுப்பும், ஒரே டேக்ல நூத்துக்கணக்கான எம்பி வரும். அத சேத்து வைக்க முடியாது, வர வர டீகோட் பண்ணி டிஸ்க்ல எழுதணும். பேஸ்64 நாலு எழுத்துக்கு மூணு பைட்னு போற கணக்கு, துண்டு அந்த நாலுக்கு நடுவுல வெட்டும். வந்ததுல ஸ்பேஸ், வரி முடிவு எல்லாத்தையும் மொதல்ல எடுத்துருங்க, முன்னாடி மிச்சம் வச்சதோட ஒட்டுங்க, நாலால வகுபடுற அளவுக்கு டீகோட் பண்ணுங்க, மீதி ஒண்ணு ரெண்டு மூணு எழுத்து இருந்தா அடுத்த துண்டுக்கு பிடிச்சு வைங்க. டேக் மூடும்போது கையில மிச்சம் ஏதாவது இருந்தா அனுப்புனவங்க பக்கமே டேட்டா அறுந்திருக்குனு அர்த்தம், எழுதுன ஃபைல தூக்கிட்டு அங்கயே எரர் போட்டு நிறுத்திருங்க.